ஐஸ் வண்டி எந்தச் சட்டத்தில் நிற்கிறது?

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்து நடைமேடையில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விற்பவர் மீது ரயில்வே சட்டம் 1989இன் 144ஆம் பிரிவு பாயும். அனுமதியில்லாமல் விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆள் அதே பெட்டியோடு படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. ஆனால் தெருவில் அவரைக் காப்பாற்றும் சட்டமும் அங்கே கிடையாது. அதைத் தேடி அவர் நகராட்சி எல்லைக்குள் போக வேண்டும். இடையில் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினால் அந்த மண் நெடுஞ்சாலைத் துறையினுடையது. மாலை மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனால் அங்கே 50 மீட்டர் கணக்கு ஒன்று வருகிறது. அமாவாசையன்று வீரராகவர் கோயில் கூட்டத்தை நம்பித் திருவள்ளூருக்கு வண்டியை ஓட்டினால்தான் நாடாளுமன்றம் 2014இல் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர் தலைக்கு மேல் வருகிறது. அதுவும் அன்றைக்கு ஒருநாள் மட்டும்.

பெட்டிக்குள் இருப்பது காலையிலிருந்து அதே சேமியா ஐஸ்தான்.

இந்தியாவில் தெருவில் ஐஸ் விற்பவரை முக்கியமாக இரண்டு சட்டங்கள் ஆள்கின்றன. ஒன்று, எங்கே நிற்கலாம் என்று சொல்லும் 2014ஆம் ஆண்டுச் சட்டம். மற்றது, எதை விற்கலாம் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம். முன்னது வியாபாரியை ஓர் இடத்தில் நிற்கிறவராகவே நினைத்து எழுதப்பட்டது. அதனால் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும் ஐஸ்காரர் அதற்கு அகப்படுவதில்லை. பின்னது ஐஸ் கம்பெனியிலிருந்து வாங்குகிறவர் கை வரைக்கும் எல்லாரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் பகலில் தெருவில் கண்ணுக்குத் தெரிகிறவர் கடைசி ஆளான ஐஸ்காரர் மட்டும்தான். குறை சட்டத்தின் வாசகத்தில் இருப்பதைவிட நாம் எந்தப் பிரிவைக் கையில் எடுக்கிறோம் என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 2014 மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் அபூர்வமானது. போலீஸ்காரரின் லத்திக்கும் மாநகராட்சி லாரிக்கும் பயந்து பிழைத்தவர்களுக்கு அது முதன்முதலாக உரிமை என்ற சொல்லைத் தந்தது. பம்பாய் நடைபாதை வியாபாரிகள் 1985இல் உச்ச நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு, 1989இன் சோதன் சிங் வழக்கு, 2010இன் கைந்தா ராம் வழக்கு என்று கால் நூற்றாண்டு படியேறி இறங்கியதன் பலன் அது. கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தமிழ்நாடு 2015இல் இதற்கான தன் திட்டத்தையும் விதிகளையும் வெளியிட்டது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதன் முதல் பிரிவிலேயே ரயில்வே நிலத்துக்கும் ரயில்களுக்கும் இது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். புறநகர் ரயிலை நம்பியே பிழைக்கும் ஊர்களுக்கு இது சின்ன விலக்கு அல்ல. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்று நீளும் பாதையில் ஊர் என்பதே பெரும்பாலும் நிலையத்தைச் சுற்றி வளர்ந்ததுதான். ஆள் நடமாட்டம் அங்கே, விற்பனையும் அங்கே. ஐஸ்காரர் நிற்க நினைக்கும் முதல் இடமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. ‘உள்ளாட்சி’ என்று இந்தச் சட்டம் சொல்வது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வகையறாக்களைத்தான். கிராம ஊராட்சி அந்த வரையறைக்குள் வரவில்லை. சட்டம் எழுதியவர்கள் தெருவோர வியாபாரம் நகரத்துக்காரர் பிரச்சினை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கிராமத்தில் சந்தை உண்டு, திருவிழா உண்டு, அங்கே யார் யாரை விரட்டப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். சென்னைக்கு மேற்கே உள்ள இந்தப் பட்டையைப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. திருநின்றவூர் 2021இல் நகராட்சி ஆனது. திருவள்ளூர் பழைய நகராட்சி. இவற்றுக்கு இடையே மனைப்பிரிவுகளும் பொறியியல் கல்லூரிகளும் அடுக்கு வீடுகளுமாக நகரமாகவே மாறிவிட்ட ஊர்கள் பல, பதிவேட்டில் கிராம ஊராட்சிகளாகவே இருந்து வந்தன. சட்டப்படி அவற்றில் விற்பனைக் குழு கிடையாது, கணக்கெடுப்பு கிடையாது, சான்றிதழ் கிடையாது. வியாபாரிக்கு இருப்பது ஊராட்சித் தலைவரின் நல்ல மனசு, இல்லாவிட்டால் எதிரே உள்ள பெட்டிக்கடைக்காரரின் பொறுமை.

ஊராட்சிகளுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 சந்தைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் கட்டணம் வசூலிக்கவும் சில தொழில்களுக்கு உரிமம் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் அது வசூலிக்கும் அதிகாரம். காப்பாற்றும் கடமை அதோடு சேர்ந்து வரவில்லை. 2025இல் கிராம ஊராட்சிகளில் உள்ள சிறு கடைகளுக்கும் தொழில் உரிமம் கட்டாயம் என்ற விதி வந்தபோது எழுந்த எதிர்ப்பையும், அரசு அதை நிறுத்தி வைத்ததையும் இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொள்ள முடிகிறது. உரிமம் என்றாலே கட்டணம் என்றுதான் சிறு வியாபாரி காதில் விழுகிறது. அவர் அனுபவம் அப்படி.

சட்டத்தின் உள்ளேயே நடமாடும் வியாபாரி என்று ஒரு வகை உண்டு. 6ஆம் பிரிவு ஓரிடத்தில் நிற்பவர், நடமாடுபவர் என்று பிரித்தே சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் 5ஆம் பிரிவின் நிபந்தனைகளைப் படித்தால் ஐஸ்காரர் எழுதியவர்களின் மனசில் இல்லை என்று தெரிந்துவிடும். சான்றிதழ் வாங்குபவர் தானோ தன் குடும்பத்தாரோ வியாபாரம் செய்ய வேண்டும். வேறு பிழைப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஐஸ் வியாபாரம் பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதம் சூடு பிடிக்கும். ஐப்பசி மழையில் அந்த மனிதர் என்ன செய்வார்? சோளம் சுடுவார், சுண்டல் விற்பார், கட்டட வேலைக்குப் போவார். ‘வேறு பிழைப்பு இல்லை’ என்று அவர் கையெழுத்துப் போட்டால் அது பொய். போடாவிட்டால் சான்றிதழ் இல்லை.

பறிமுதல் பற்றிய 19ஆம் பிரிவில் எழுதியவர்களின் நல்லெண்ணமும் அறியாமையும் ஒன்றாகவே தெரியும். கெடாத பொருளாக இருந்தால் இரண்டு வேலை நாளுக்குள், அழுகும் பொருளாக இருந்தால் உரிமை கோரிய அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். கீரைக்காரம்மாவுக்கு இது உதவும். ஐஸ்காரருக்கு அன்றைக்கே கிடைப்பது ஒரு பெட்டி சர்க்கரைத் தண்ணீரும் மிதக்கும் குச்சிகளும்.

இனி பண்டத்துக்கு வருவோம். இங்கேதான் அரசு தலையிடுவதற்கு உண்மையான நியாயம் இருக்கிறது. தெருவில் இடம் பிடிப்பது நகர நிர்வாகத்தின் தலைவலி. பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவது பொதுச் சுகாதாரம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பெரிய தொழிலுக்கு உரிமம் என்கிறது. சிறு உற்பத்தியாளர், கூடையில் விற்பவர், ஊர் ஊராகப் போய் விற்பவர் ஆகியோருக்குப் பதிவு போதும் என்கிறது. 2011 ஆகஸ்ட் 5ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகள் இந்தச் சிறு வகைக்கு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர் உற்பத்தி என்றும் எல்லை வைத்தன. அவை வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டும். மூன்றும் நடக்கவில்லையென்றால் வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம். அரசு விதிகளில் இவ்வளவு எளிமையானது அபூர்வம். பிறகு ஏன் ஐஸ் வண்டிகளில் பதிவெண் கண்ணில் படுவதில்லை? இணையத்தில் விண்ணப்பிக்க முகவரிச் சான்று வேண்டும், கைபேசி எண் வேண்டும், புதுப்பிக்கும் தேதி நினைவில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சிவப்புத் துணி சுற்றிய பானையோடு குல்பி விற்க வரும் உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு முகவரி என்பது ஏழெட்டுப் பேர் படுத்திருக்கும் வாடகை அறை. ரேஷன் அட்டை ஊரில் இருக்கும். அவரைப் பிடித்து ‘பதிவு எங்கே?’ என்று கேட்பது சுலபம். பதிவு செய்து கொடுப்பதுதான் வேலை.

பதிவு வாங்கிவிட்டால் மட்டும் ஐஸ் சுத்தமாகிவிடுமா? இதற்கு விடை தெரிய வண்டியை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனிக்குள் போக வேண்டும்.

குச்சி ஐஸ் செய்யும் சிறு கம்பெனியின் நடுவே ஒரு தொட்டி இருக்கும். அதில் இருப்பது உப்புத் தண்ணீர். கம்ப்ரசர் ஓடி அதைச் சைபருக்கும் வெகு கீழே குளிர்விக்கும். உப்பு இருப்பதால் உறையாமல் கருத்த தண்ணீராகவே கிடக்கும். வரிசை வரிசையாகக் குழி உள்ள உலோக அச்சில் சர்க்கரைப் பாகும் எசென்சும் நிறமும் கலந்த தண்ணீரை ஊற்றுவார்கள். பால் ஐஸ் என்றால் பால் கலவை. சேமியா ஐஸ் என்றால் வேகவைத்த சேமியாவைக் குழியின் அடியில் போட்டு மேலே பால். மூங்கில் குச்சிகளைச் சட்டத்தில் செருகி அச்சின் மேல் பொருத்தி, தொட்டியில் இறக்குவார்கள். இறுகியதும் அச்சை எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவார்கள். ஓரம் இளகி, சட்டத்தைத் தூக்கினால் மொத்த வரிசையும் குச்சியோடு வெளியே வரும். உறையில் போட்டுக் கட்டினால் முடிந்தது.

இந்த வரிசையில் கிருமி நுழையும் வாசல்களை எண்ணிப் பாருங்கள். முதலில் கலக்கும் தண்ணீர். போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, கொதிக்க வைத்ததா? பால் கலவையைச் சூடாக்கிக் கிருமி நீக்கினார்களா, அல்லது பால்பவுடரைக் கரைத்து அப்படியே ஊற்றினார்களா? அச்சில் ஊசித் துளை விழுந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே கசியும். பிள்ளைகள் ‘உப்புக் கரிக்குது’ என்று துப்பும் ஐஸ் அதுதான். அச்சை முக்கும் தண்ணீர்த் தொட்டி காலையில் நிரப்பியதாக இருந்தால் மத்தியானத்துக்குள் சர்க்கரையும் பாலும் கரைந்து கிருமிக்கு விருந்தாகிவிடும். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும் அவ்வளவுதான். இத்தனையும் வண்டிக்காரர் கைக்குப் பெட்டி வருவதற்கு முன்பே முடிந்துவிட்ட கதை. அவர் பொறுப்பில் இருப்பது இரண்டே: கை, அப்புறம் குளிர். உப்பும் ஐஸும் சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் சித்திரை வெயிலில், அரைமணிக்கு ஒருமுறை மூடி திறக்கும் தெர்மாகோல் பெட்டியில், அந்தக் கணக்கு மாலைவரை தாங்காது. பெரிய நிறுவனங்களின் வண்டிகளில் இரவில் மின்சாரத்தில் குளிரேற்றி வைக்கும் தகடு உண்டு. அந்த வண்டியின் விலை, சொந்தமாகப் பெட்டி வைத்திருப்பவருக்கு எட்டாது.

விற்காமல் மிஞ்சியதும் பாதி இளகியதும் சாயந்தரம் கம்பெனிக்குத் திரும்புகிற வழக்கமும் இருக்கிறது. விற்றதற்கு மட்டும் கமிஷன், மிச்சம் திரும்ப என்பது கணக்கு. இளகி மறுபடி இறுகிய ஐஸ் மறுநாள் யார் பெட்டியில் ஏறுகிறது என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கமிஷன் ஏற்பாட்டில் வண்டியும் சில சமயம் கம்பெனியுடையது. அப்படியானால் அந்த மனிதர் சுயதொழில் செய்யும் தெரு வியாபாரியா, கம்பெனியின் விற்பனைத் தொழிலாளியா? 2014 சட்டம் அவரை வியாபாரி என்கிறது. கம்பெனிக்கும் அதுவே வசதி. வேலைக்காரர் என்றால் சம்பளம், வருங்கால வைப்பு நிதி என்று பேச்சு வந்துவிடும்.

தெரு ஐஸ்காரரைச் சந்தேகித்து ஆராய்ந்த ஊர்களில் ஒன்று லண்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஐஸ் விற்றவர்கள் பெரும்பாலும் இத்தாலியக் குடியேறிகள். ஒரு பென்னிக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பார்கள். நக்கிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தர, அதே கிண்ணம் அடுத்த ஆளுக்குப் போகும். காசநோய் பயத்தில் அந்தக் கிண்ணத்துக்குத் தடை வந்தது. வெளிநாட்டுக்காரன், அழுக்கு, நோய் என்று பத்திரிகைகள் எழுதிய தொனி நமக்கும் அந்நியமல்ல. குல்பிக்காரரைப் பற்றி இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனாலும் லண்டன் கவுண்டி கவுன்சில் 1902இல் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. தள்ளுவண்டியில் ஐஸ் விற்பவர் ஒவ்வொருவரும், தான் யாரிடம் அந்த ஐஸை வாங்கினாரோ அவர் பெயரையும் முகவரியையும் வண்டியில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வண்டியைப் பார்த்தால் பட்டறை தெரிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1946இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் கடற்கரை ஊரில் ஐஸ்கிரீம் மூலம் டைபாய்டு பரவியது. அடுத்த ஆண்டே ஐஸ்கிரீம் கலவையைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதைக் கட்டாயமாக்கி விதி வந்தது. அதாவது தெருவில் கண்ட நோய்க்குப் பட்டறையில் மருந்து தேடினார்கள்.

பெரிய ஆலை என்றால் பயமில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1994இல் அமெரிக்காவில் ஷ்வான்ஸ் நிறுவனத்து ஐஸ்கிரீமால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சால்மொனெல்லா நோய்க்கு ஆளானதாக மதிப்பிட்டார்கள். காரணம், பச்சை முட்டை ஏற்றிய டேங்கர் லாரியிலேயே ஐஸ்கிரீம் கலவையையும் கொண்டுவந்தது. தள்ளுவண்டியால் ஒரு தெருவைத்தான் கெடுக்க முடியும்.

லண்டன் 1902இல் கண்டுபிடித்ததை நம் சட்டமும் தெரிந்துதான் வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: பண்டத்தின் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவாதம் கொடுக்காமல் எந்த உணவுத் தொழில் நடத்துபவரும் விற்பனையாளருக்கு எதையும் விற்கக் கூடாது. பில் அல்லது ரொக்க ரசீது கொடுத்தால் அதுவே உத்தரவாதம். அடுத்த பிரிவு இன்னும் தெளிவு. எந்தக் கம்பெனியிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத பண்டத்தை விற்றால் விற்றவரே பொறுப்பு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். காலையில் பெட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பும் ஐஸ்காரர் கையில் ஒரு பில் இருந்தால் கெட்ட ஐஸுக்கான வழி கம்பெனிக்குப் போகும். பில் இல்லாவிட்டால் வழி அவரிடமே முட்டி நின்றுவிடும். நானூறு ஐந்நூறு ரூபாய் சரக்குக்கு யார் பில் போடுகிறார்கள்? ஒரு நோட்டில் ‘சேமியா 60, ஆரஞ்சு 80’ என்று பென்சிலில் எழுதுவதோடு சரி, அந்த நோட்டும் கம்பெனியிலேயே இருக்கும். கம்பெனிக்கு அந்தச் சீட்டைக் கொடுக்காமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. ஐஸ்காரருக்குக் கேட்டு வாங்கலாம் என்பதே தெரியாது.

கம்பெனி ஏன் ஒளிகிறது என்பதற்கு வரிச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. சிறு தொழில்களுக்குச் சலுகையாக இருக்கும் தொகுப்பு வரித் திட்டத்தில் ஐஸ்கிரீம் செய்பவர்கள் சேர முடியாது. பான் மசாலாவும் புகையிலையும் செய்பவர்களோடு அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி வெளியே தள்ளியிருக்கிறார்கள். டெல்லிச் சிறு உற்பத்தியாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், 2021இல் மறுபரிசீலனை செய்யச் சொல்லி உத்தரவும் வாங்கினார்கள், ஜி.எஸ்.டி. மன்றம் மனசு மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில் போடாமல் இருப்பதற்கான ஆசை இதனால் கொஞ்சம் குறையலாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி செய்ய முடியாததை வரி விகிதம் செய்யும் என்றால் அதையும் வேண்டாம் என்பானேன்.

வண்டியில் இருப்பது எல்லாம் ஐஸ்கிரீமா என்ற கேள்வியையும் விதி தீர்த்து வைத்திருக்கிறது. ஐஸ்கிரீம் என்றாலும் குல்பி என்றாலும் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம், பால் புரதம் 3.5 சதவீதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெயில் செய்தது ‘உறைந்த இனிப்பு’. அப்படியே உறையில் அச்சிட வேண்டும். குச்சி ஐஸுக்குச் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சர்க்கரை குறைந்தால் ஏன் விதிக்குக் கவலை? தித்திப்பை மலிவாகக் கொண்டுவர வேறு வழிகள் இருப்பதால்தான். நிறத்துக்கும் கதை அதே. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்தது ஆய்வில் தெரியவந்தது. அப்போதும் பிடிபட்டவர்கள் கம்பில் கட்டித் தோளில் சுமந்து விற்றவர்கள்தான். அந்தச் சாயம் எந்தக் கடையில், யாருக்கு, எந்தப் பெயரில் விற்கப்பட்டது என்ற கேள்வி செய்தித்தாளில் அந்த அளவு இடம் பிடிக்கவில்லை. தெரியாமல் வாங்கி விற்றவருக்கும் தெரிந்தே கலந்தவருக்கும் வித்தியாசம் பார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 50ஆம் பிரிவு, தரமற்றதை விற்ற சிறு வியாபாரிக்கு 25,000 ரூபாயைத் தாண்டி அபராதம் போகக் கூடாது என்கிறது. மற்றவர்களுக்கு அது ஐந்து லட்சம். ஆனால் ஐஸ்காரருக்கு 25,000 என்பது ஒரு கோடையின் மொத்த வருமானமாகக் கூட இருக்கலாம்.

பள்ளி வாசலைப் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் வெளியான விதிகள், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கின்றன. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 51ஆவது மீட்டரில் வண்டி நிற்கும், பிள்ளைகள் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுவார்கள். லாரி ஓடும் சாலையோரப் பள்ளி என்றால் அந்த 50 மீட்டரை எந்தப் பக்கம் அளப்பது என்பதை விதியைவிடத் தலைமையாசிரியர் நன்றாகச் சொல்வார்.

சின்னதாகத் தொடங்குவதை முளையிலேயே கிள்ளிவிடக் கூடாது என்பதற்கு இந்தத் தொழிலிலேயே ஓர் ஆதாரம் உண்டு. 1970இல் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கினார். அதுதான் அருண் ஐஸ்கிரீம், பிறகு ஹட்சன் நிறுவனமாக வளர்ந்தது. வண்டிக்காரரைத் தெருவிலிருந்து துடைத்துவிட்டுச் சுத்தம் பேசுவது சுலபம். அப்போது மிஞ்சுவது பெரிய நிறுவனங்களின் குளிர்பெட்டி மட்டும்தான், ஐந்து ரூபாய்க்கு ஐஸ் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பெட்டி திறக்காது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை என்றே படுகிறது. மாவட்டத்தில் உள்ள ஐஸ் கம்பெனிகளை எண்ணுவது, ஊர் ஊராக அலையும் வண்டிகளை எண்ணுவதைவிட எளிது. அவை ஓரிடத்தில் நிற்கின்றன, மின் இணைப்பு வைத்திருக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் கம்பெனியின் தண்ணீரைச் சோதிக்கலாம். கலவையைச் சூடாக்குகிறார்களா, முக்கும் தொட்டியை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்று பார்க்கலாம். பெட்டியை நிரப்பும்போது தேதி போட்ட ஒரு சீட்டு, பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயரும் பதிவெண்ணும். இவ்வளவு இருந்தால் வண்டி எந்த ஊர் எல்லையைத் தாண்டினாலும் காகிதமும் கூடவே போகும். வண்டிக்காரரின் பதிவையும் கம்பெனியே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். சரக்கு கொடுத்து லாபம் பார்ப்பவருக்கு அது பெரிய பாரமாகாது. ஆய்வாளர்கள் போதாது என்ற பதில் உடனே வரும். உண்மைதான். அதனால்தான் வண்டிகளைத் துரத்தாமல் கம்பெனிகளுக்குப் போங்கள் என்கிறேன்.

இடப் பிரச்சினை அவ்வளவு சுலபமாகத் தீராது. ஆனால் அதிலும் அசைவு தெரிகிறது. தெரு வியாபாரிகளுக்குப் பிணையில்லாக் கடன் தரும் மத்திய அரசின் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூன் 1இல் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அதை 2030 மார்ச் வரை நீட்டித்தபோது முதல் தவணைக் கடனை 15,000 ரூபாய் ஆக்கினார்கள். நகராட்சி எல்லையோடு நிறுத்தாமல் கணக்கெடுப்பு நகரங்களுக்கும் நகர விளிம்புப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரிப்பதாகவும் அறிவித்தார்கள். கடன் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது, உரிமை தாண்டவில்லை. வங்கிக்கு ஒருவர் தெரு வியாபாரி என்று தெரிகிறது, அதே தெருவில் அவரை நிற்க விடுவதற்கான சட்டத்துக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே 2025இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, நகரங்களை ஒட்டிய கிராம ஊராட்சிகள் பலவற்றை அருகிலுள்ள நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்புகளை வெளியிட்டது. நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும் என்று பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது, அது நியாயமான பயம். தெரு வியாபாரிக்கு மட்டும் இந்த இணைப்பு வேறு மாதிரி. ஊர் நகராட்சிக்குள் வந்த அன்றே 2014 சட்டமும் அவருக்கு வந்துவிடுகிறது. புது நகராட்சிகள் பொதுவாக முதலில் செய்வது சாலையோர ஆக்கிரமிப்பு அகற்றம். ஆனால் 3ஆம் பிரிவின்படி முதலில் விற்பனைக் குழு, பிறகு கணக்கெடுப்பு, அதில் காலை ஒரு தெருவும் மாலை ஒரு தெருவுமாகப் போகிறவரின் பெயரும் ஏற வேண்டும், பிறகு சான்றிதழ். இந்த வரிசை முடியும்வரை, வண்டியை எடு என்று சொல்ல எந்தச் சுகாதார ஆய்வாளருக்கும் அதிகாரம் இல்லை.